ஒரு கால் கூடுதல்

முந்நூற்றுப் பன்னிரண்டு புகைப்படங்களைச் சாப்பாட்டு மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் இசைக் கலைஞர்கள். எல்லாம் நானே எடுத்தவை, ஆகையால் மூன்றில் ஒன்று மங்கல், மூன்றில் ஒன்று கோணல். மிச்சமுள்ளவற்றில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். அது பாட்டில் லயித்த மூடலா, ஃபிளாஷ் வெளிச்சத்துக்குப் பயந்த மூடலா என்று இன்றைக்கு என்னாலேயே சொல்ல முடியாது.

முப்பத்து நான்கு வருடம் ஒரு தினசரியில் இசை விமர்சனம் எழுதினேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆன பிறகு, என் கைப்பையைவிட வயது குறைந்த ஒரு பதிப்பாளர் பெண் வீடு தேடி வந்தாள்.

"மேடம், வரலாறெல்லாம் வேண்டாம். நீங்க பழகின ஆளுங்களைப் பத்தி எழுதுங்க. ஆளுக்கு ரெண்டு மூணு பக்கம், ஒரு போட்டோ. கொஞ்சம் வம்பு இருந்தாலும் தப்பில்லை."

வம்பு என்ற சொல்லை அவள் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று மதியமே பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்குத் தட்டு வைக்க மேசையில் இடமில்லை. ஜன்னல் விளிம்பில் வைத்து, நின்றுகொண்டே சாப்பிட்டார். அவரும் அதே பத்திரிகையில் இருந்து ஓய்வு பெற்றவர்தான். மெய்ப்பு பார்க்கிற வேலை. இப்போதும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, "ஒற்று விட்டுப்போச்சு" என்று வருத்தப்படுவார்.

முதலில் எடுத்தது மகாராணியின் படம். பாடகி. மகாராணி என்று பெயர் வைத்தவர்கள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்கள், அதில் பாசமும் இருந்தது, வேறு சிலதும் இருந்தது. படத்தில் மூன்று நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்பும் சரியாக இருபது நிமிடம் தூங்குவார். எந்த ஊர், எந்த அறை, யார் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டு மேடைக்குப் போனால், இப்போதுதான் பிறந்த குரல் போல இருக்கும். எனக்கு அந்தக் குரல்மேல் உயிர்.

ஆனால் விமர்சனத்தை அவர் படிக்க மாட்டார், எண்ணுவார். காலை ஏழு மணிக்கு டெலிபோன் அடித்தால் அவர்தான்.

"என்னம்மா, எனக்கு இருபத்திரண்டு வரி. வயலினுக்கு மூணு வரி. கச்சேரி யாரோடது?"

"உங்களோடதுதான் அம்மா."

"அப்படின்னா வயலினுக்கு ஒரு வரி போதுமே."

நானும் புதுசு. வயது இருபத்தாறு. ஏன் வம்பு என்று அன்றிலிருந்து பக்கவாத்தியத்துக்கு ஆளுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது தபலாக்காரர். படத்தில் அவர் முகம் இல்லை, என் சாப்பாட்டு டப்பா மூடியின்மேல் அவருடைய பத்து விரல்களும் இருக்கின்றன. கையில் எது அகப்பட்டாலும் தட்டுவார். பேருந்தில் முன் இருக்கைக்காரரின் பெட்டியைத் தட்டி அடி வாங்கப் பார்த்தவர். முடிவெட்டும் கடையில் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே தலையாட்டியதால் ஒரு பக்கம் மொட்டையாகி, ஆறு வாரம் தொப்பியோடு வாசித்தார். எனக்குப் 'பேனா' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். என்னைவிட நாலு வயது பெரியவர், ஆனாலும் ஊரறிய என்னைப் பேனாக்கா என்றுதான் கூப்பிடுவார். வயதைக் கூட்டிவிட்டாரே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.

புல்லாங்குழல்காரர் படத்தில் கையில் குழல் இல்லை, திருப்புளி இருக்கிறது. அவருக்கு உலகத்தில் ஒரே ஆசை, பழுதான சாமான்களைப் பிரிப்பது. குழலைப் பற்றிக் கேட்டால், "ஊதினா வருது, இதுல பேச என்ன இருக்கு?" என்பார். ரேடியோவைப் பற்றிக் கேட்டால் சாயங்காலம் வரை பேசுவார். எங்கள் வீட்டு மின்விசிறியை அவராகவே கழற்றிச் சரிசெய்து கொடுத்தார். அன்று முதல் அது காற்றை மேலே அனுப்ப ஆரம்பித்தது. கூரை நன்றாகக் குளிர்ந்தது. சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று, அவர் வரும்போதெல்லாம் வியர்க்க வியர்க்க அதன் அடியில் உட்கார்ந்திருந்தோம்.

இப்படி ஏழெட்டுப் பேரைச் சிரித்துக்கொண்டே எழுதி முடித்துவிட்டேன். வயலின் அண்ணாவின் முறை வந்ததும் பேனா நின்றுவிட்டது.

மகாராணிக்கு ஒன்பது வருடம் வயலின் வாசித்தவர் அவர். முந்நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொரு படத்தில் இருக்கிறார். ஒன்றில்கூட முகம் இல்லை. ஒன்றில் முழங்கை. ஒன்றில் வில்லின் நுனி. ஒன்றில் ஒரு முட்டியும் முக்கால் செருப்பும். நான் எப்போதும் மகாராணியை நடுவில் நிறுத்திப் பிடித்திருக்கிறேன். பக்கத்தில் இருந்தவரைப் படத்தின் விளிம்பு வெட்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒட்டினா ஒரு ஆள் தேறுவாரா?"

"தலை வராது."

"அப்ப விட்டுடேன். அவரு இல்லாம புத்தகம் வராதா?"

"வரும். நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அதை வெளியிடறது?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். அவருக்கும் அதில் பங்கு உண்டு, அதனால்.

நடந்தது இதுதான். மகாராணியின் ஒரு கச்சேரிக்கு நான் எழுதிய விமர்சனத்தில் 'வயலின் பாட்டோடு சேர்ந்து வந்தது' என்று ஒரு வரி. மறுநாள் பத்திரிகையில் 'வயலின் பாட்டோடு சோர்ந்து வந்தது' என்று இருந்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலம் அது. இரட்டைக் கொம்பு போட்டு, ச போட்டு, அதோடு நிறுத்தியிருந்தால் 'சே'. அச்சுக் கோப்பவர் கை தவறிப் பின்னால் ஒரு துணைக்காலையும் நிறுத்திவிட்டார். 'சோ' ஆகிவிட்டது. மெய்ப்பில் அந்தக் காலைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டிய ஆள் அந்த நேரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டாவிக்காரர்தான் இப்போது உள்ளே தட்டு கழுவுகிறவர்.

அன்று காலை மெய்ப்பு அறைக்குள் நான் நுழைந்த வேகத்தில் மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன.

"ஒரு காலுக்கா இவ்வளவு சத்தம்?" என்றார் அவர், அப்போது எனக்கு யாரோ.

"உங்க காலை ஒண்ணு எடுத்துட்டா தெரியும்!" என்றேன்.

அந்தச் சண்டை மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரம் டீ குடித்துக்கொண்டே சண்டை போட்டோம். ஒரு வருடத்தில் கல்யாணம். இன்றைக்கும் வீட்டில் வாக்குவாதம் என்றால் கடைசியில் அந்தக் காலில்தான் போய் நிற்போம், பெரும்பாலும் நான் ஜெயிப்பதற்காக.

ஆனால் அன்று நான் மெய்ப்பு அறையோடு விடவில்லை. ஆசிரியர் அறைக்கும் போனேன்.

"ஒரு எழுத்துக்கெல்லாம் திருத்தம் போட்டா, திருத்தத்துக்குன்னே தினம் ஒரு பக்கம் வேணும்மா" என்றார் ஆசிரியர்.

மூன்று நாள் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். நான்காம் நாள், நான்காம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே கட்டம் கட்டி வந்தது: 'வயலின் பாட்டோடு சேர்ந்து வந்தது என்று இருக்க வேண்டும். தவறுக்கு வருந்துகிறோம்.' ஒரு பக்கவாத்தியக்காரருக்காக எங்கள் பத்திரிகை போட்ட முதல் திருத்தம் அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வயலின் அண்ணா கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று டெலிபோன் பக்கத்திலேயே இருந்தேன்.

அவர் கூப்பிடவில்லை. அடுத்த கச்சேரிக்கு முன் ஒப்பனை அறைக்குப் போனபோது, வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்து தேய்த்தார். அதற்கு அடுத்த முறை பார்க்கவும் இல்லை. அதற்கு முன்பெல்லாம் எனக்காக ஒரு கப் டீ எடுத்து மூடி வைத்திருப்பார் அந்த மனிதர்.

தபலாக்காரர் சும்மா இருப்பாரா? ஒவ்வொரு கச்சேரியிலும் மேடை ஏறும்போது, "என்ன அண்ணே, இன்னைக்குச் சேர்ந்தா, சோர்ந்தா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணாவும் கொஞ்சம் சிரிப்பார். ஒன்றரை வருடத்தில் அவர் மேடையை விட்டே போய்விட்டார். "பேனாக்கா வச்ச ஒரு காலு, அண்ணனை எட்டி உதைச்சிடுச்சு" என்று தபலாக்காரர் அதையும் ஜோக்காக்கினார். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே எரிந்தது. நல்ல கலைஞர் ஒருவரின் பிழைப்பு ஒரு துண்டு ஈயத்தால் போயிற்று, அது என் பெயர் போட்ட பத்தியில் இருந்தது. முப்பத்து மூன்று வருடம் இதை மறக்க முயன்று, ஒரு நாள்கூட முழுதாக மறக்கவில்லை. இப்போது எல்லோரையும் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டு அவரிடம் மட்டும் போகாமல் இருந்தால், அதைவிடக் கோழைத்தனம் இல்லை. அவர் மன்னித்தால் அத்தியாயம். மன்னிக்காவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

தபலாக்காரரிடம் டெலிபோனில் விலாசம் கேட்டேன்.

"அண்ணனோட மச்சான் கண்ணாடிக் கடை, பேனாக்கா. இப்ப அவரேதான் பார்த்துக்கிறாரு. நானே ரெண்டு தடவை போய்ப் பவர் பார்த்துக்கிட்டேன்."

"என்னைப் பத்தி ஏதாவது பேசினாரா?"

"நான் உங்க பேரையே எடுக்கலை. என் கண்ணுல மருந்து வேற ஊத்தியிருந்தாரு, எதுக்கு வம்பு?"

மன்னிப்பை நான் எழுதியே வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு ஒற்றுப்பிழை திருத்தி, ஒரு 'மிகவும்'-ஐ அடித்துக் கொடுத்தார். "நானும் வரட்டுமா? என் கொட்டாவியும்தானே?" என்றார். வேண்டாம் என்றேன். மூன்று நாள் மனப்பாடம் செய்தேன்.

மருந்துக் கடைக்கும், இயந்திரம் இரைந்துகொண்டே இருந்த சாவி செய்யும் கடைக்கும் நடுவில் ஒடுக்கமான கடை. மூன்று சுவரிலும் கண்ணாடிச் சட்டங்கள், அவற்றுக்கு நடுவே நடுவே முகம் பார்க்கும் கண்ணாடிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இருபது நான். தப்பு செய்தவளுக்கு இதைவிட மோசமான இடத்தை யாரும் கட்டியிருக்க முடியாது.

உயரமான முக்காலியில் வயலின் அண்ணா உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை, உடம்பு அதே ஒல்லி. என்னைப் பார்த்தார். "வாங்க. உட்காருங்க" என்றார். தெரிந்தவரைப் பார்த்த மாதிரியும் இல்லை, தெரியாதவரைப் பார்த்த மாதிரியும் இல்லை. அவருக்கு வலது பக்கத்து நாற்காலியில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் ஏதோ ஒரு சட்டத்துக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், நானும் அந்தத் திருகாணியைப் பார்த்தே ஆரம்பித்தேன்.

"அண்ணா, நான்தான் பேனா. அன்னைக்கு நடந்தது அச்சுப்பிழை. நான் 'சேர்ந்து'ன்னுதான் எழுதினேன். ஆனாலும் என் பேரைப் போட்டு வந்தது, பொறுப்பு என்னோடதுதான். உங்க பிழைப்பைக் கெடுத்துட்டேன். எனக்குத் தூக்கம் வரலைண்ணா. மன்னிச்சிடுங்க."

மெதுவாகத்தான் சொன்னேன். கடைசி இரண்டு வார்த்தை எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் திருகாணியை முடித்தார். என் பக்கம் திரும்பி, என் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியை மெதுவாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "ரொம்பக் கீறல். கடைசியா எப்ப பவர் பார்த்தீங்க?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சரி, இதுதான் தண்டனை, வாங்கிக்கொள் என்று சொல்லிக்கொண்டேன். கனமான சோதனைச் சட்டத்தை மாட்டினார். எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, ஒரு குச்சியால் எழுத்துகளைக் காட்டினார். நான் படித்தேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

"கீழ் வரி?"

"ட, ம, ப, ல."

"ப இல்லை, ய."

எனக்குப் பொறுமை என்று ஒன்று உண்டு, அது சின்ன டப்பா. மூடி பறந்துவிட்டது.

"அண்ணா! நான் கண்ணாடிக்கு வரலை! மன்னிப்புக் கேக்க வந்தேன், கேட்டும் ஆச்சு! நீங்க ஒரு வார்த்தை சொல்லாம கீறலைப் பத்திப் பேசுறீங்க. கோவம் இருந்தா நாலு வார்த்தை திட்டுங்க, கேட்டுக்கிட்டுப் போறேன். அதுக்காக இப்படியா அவமானப்படுத்துவீங்க?"

பக்கத்துக் கடையில் சாவி ராவும் இயந்திரம் நின்றது. மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அந்தச் சோதனைச் சட்டத்தோடு நான் நின்ற கோலத்தை இருபது கண்ணாடியும் காட்டின.

"மன்னிப்பா?" என்றார் அண்ணா. "எப்ப கேட்டீங்க?"

"வந்ததும்."

"எங்க உட்கார்ந்து?"

இடது பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அங்கேருந்து சொன்னா சுவத்துக்கிட்ட சொன்ன மாதிரிதான்மா. இந்தக் காது வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. மெஷின் இருக்கு, கடையில போடறதில்லை. பவர் சரியில்லைன்னு வர்றவங்க புலம்பலையெல்லாம் யாரு கேக்கிறது? உங்களை வாசல்லயே அடையாளம் தெரிஞ்சுது, நடை மாறவே இல்லை. என்ன சொல்றதுக்கு வந்திருக்காங்களோ, அவங்களே சொல்லட்டும்னு திருகாணியைத் திருகிக்கிட்டு இருந்தேன். ஒண்ணுமே சொல்லலையேன்னு எனக்கும் வருத்தம்தான். சரி, கண்ணாடிக்குத்தான் வந்திருக்காங்கபோலன்னு நினைச்சுட்டேன்."

அட்டைப் பெட்டிகளை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை அவருடைய வலது பக்கத்தில் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தேன்.

"எப்பலேருந்துண்ணா இப்படி?"

"ஆறு மாசமா ஒரு இரைச்சல் இருந்துச்சு. இது இனிமே தேறாதுன்னு டாக்டர் சொன்னது, அந்தக் கச்சேரி அன்னைக்குக் காலையில."

"எந்தக் கச்சேரி?"

"அதான்மா. சோர்ந்து வந்த கச்சேரி."

அவர் என் பழைய கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். துக்கம் சொல்கிற குரலே இல்லை.

"வயலினை வச்சுக்கிற பக்கத்துக் காது. வீட்ல சொல்லலை, யார்கிட்டயும் சொல்லலை. மேடையில உட்கார்ந்து வாசிக்கிறேன், என் வயலினே பக்கத்து வீட்ல வாசிக்கிற மாதிரி கேக்குது. இடைவேளைக்கு அப்புறம் அதுவும் இல்லை. அம்மா பாடின வரியை நான் பிடிக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த வரிக்குப் போயிடறாங்க. ஞாபகத்தை வச்சு ஒப்பேத்தினேன். பூரா பின்தங்கிட்டேன். முடிஞ்சதும் எல்லாரும் வந்து பிரமாதம்னு கையைக் குலுக்குறாங்க. மகாராணி வேற, இன்னைக்கு ரொம்ப அடக்கமா வாசிச்சீங்கன்னு பாராட்டுறாங்க. எனக்குப் பயமாயிடுச்சும்மா. ஹால் நிறைய ஆளு. ஒருத்தர் காதுலயுமா விழலை?"

"அண்ணா..."

"மறுநாள் பேப்பரைப் பிரிக்கிறேன். 'வயலின் பாட்டோடு சோர்ந்து வந்தது.' நாலு தடவை படிச்சேன். உட்கார்ந்து அழுதேன். கோவத்துல இல்லை. ஒரு ஆளு கேட்டிருக்காங்களே, அந்த நிம்மதியில. வீட்ல சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடலாம்னு தோணிச்சு. உங்களுக்குத்தான் பாதி தெரிஞ்சுபோச்சே, மீதியைச் சொல்றது சுலபம்னு நினைச்சேன். ரெண்டு மூணு நாள் தயங்கிட்டு, ஒரு நாள் காலையில கிளம்பி உங்க ஆபீசுக்கு வந்தேன். கீழே உட்காரச் சொன்னாங்க. முன்னாடி மேசையில அன்னைக்குப் பேப்பர் கிடந்துச்சு."

அவர் நிறுத்தினார். மீதி எனக்குத் தெரியும். நான்காம் பக்கம், வானிலைக்குக் கீழே.

"சேர்ந்து வந்ததுன்னு இருக்கணுமாம். தவறுக்கு வருந்துறீங்களாம்" என்றார். "எழுந்து போயிட்டேன்."

அப்போது என் மேசை நேர் மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி. டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவர் கூப்பிட்டு நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன் நான். முப்பத்து மூன்று வருடமாக ஒரு பிழைக்காக வருத்தப்பட்டிருக்கிறேன், பிழை அது இல்லை.

அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். உங்கள் வாசிப்பைக் கேட்டேன், எனக்குப் பிடிபடவில்லை, மன்னியுங்கள் என்று சொல்லியிருந்தால் அவரும் விட்டிருப்பார். ஆனால் உண்மை அதைவிட மோசம். அவர் அவ்வளவு சொன்ன பிறகு அதை வைத்துக்கொண்டு எழுந்து வர எனக்கு மனசு இடம் கொடுக்கவில்லை.

"அண்ணா, இன்னொண்ணு சொல்லணும். இதை வீட்டுக்காரர் திருத்திக் கொடுக்கலை, அதனால முன்னபின்ன இருக்கும்."

"சொல்லுங்க."

"எட்டரைக்குப் பக்கத்தை முடிச்சுடுவாங்க. நான் எப்பவுமே இடைவேளையோட கிளம்பிடுவேன். நீங்க சொன்ன அந்தப் பின்பாதிக்கு நான் அங்கே இல்லவே இல்லை. அந்த வரி இருக்கே, அது கச்சேரிக்கு முன்னாடியே எழுதினது. மத்தியானம், ஆபீஸ்ல உட்கார்ந்து. உங்களுக்கு எப்பவும் அதே வரிதான். ரெண்டு மூணு வருஷமா அதையேதான் போட்டுக்கிட்டு இருந்தேன். 'வயலின் பாட்டோடு சேர்ந்து வந்தது. தபலா களைகட்டியது.' உங்களுக்கு ஒரு வரின்னு மகாராணி சொன்னாங்க. அந்த ஒரு வரியைக்கூட நான் கேட்டு எழுதலை."

அவர் என் கண்ணாடியைக் கீழே வைத்தார். தன்னுடைய கண்ணாடியைக் கழற்றினார். அதையும் துடைத்தார். தோள் குலுங்கியது. நான் பதறி எழுந்தேன். பார்த்தால் சிரிக்கிறார்.

"அப்ப அன்னைக்கு நடந்ததைச் சரியா எழுதினது அச்சுக் கோத்தவர்தானா?"

"அவரு ஹாலுக்கே வரலைண்ணா!"

"நீங்களும்தானே வரலை!"

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று தெரியவில்லை. அவர் கண்ணாடி துடைக்கிற துணியை நீட்டினார். மருந்துக் கடைக்காரர் மறுபடி எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

"இப்ப வாசிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை, வீட்ல. வலது காதுக்கு மட்டும்."

பிறகு புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். பதிப்பாளர் பெண் கேட்ட படத்துக்காகச் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டு நின்றார். சுவர்க் கண்ணாடிகளில் நானும் விழாமல் அவரை மட்டும் எடுக்கப் படாத பாடு பட்டு, முழு முகத்தையும் எடுத்தேன். கண்ணைத் திறந்துதான் இருந்தார்.

"புத்தகத்துல என்னைப் பத்தி என்ன எழுதப் போறீங்க?"

"நடந்ததை விளக்கமா எழுதி, அது அச்சுப்பிழைதான்னு..."

"அதை எழுதாதீங்க. ஒரு தடவை போட்டாச்சு, போதும்."

"பின்ன என்ன எழுதட்டும்?"

அவர் என் கண்ணாடியை எனக்கு மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் பார்த்தார்.

"கேக்கலைன்னு எழுதுங்க. நான் வாங்கிப் படிக்கிறேன்."

எழுதிவிட்டேன், அண்ணா. அன்று நான் கேட்கவில்லை.